கான்கிரீட் கான்ட்ராக்ட் தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்?

கான்கிரீட் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கலவை மெஷினின் விலையைத்தான். மொத்தக் கணக்கில் அது சின்னப் பகுதி. கையைக் கடிப்பது வேறு இரண்டு: தளத்துக்கு அடியில் மூன்று வாரம் மாட்டிக்கொள்ளும் சென்ட்ரிங் சாமான் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் ஷீட்டும் முட்டுக்காலும்), வேலை முடிந்தும் வராமல் இழுக்கும் பணம். இந்த இரண்டுக்கும் சேர்த்து முதல் வைக்காதவர் மூன்றாவது தளத்திலேயே மெஷினை விற்க ஆள் தேடுவார்.

இங்கே போட்டிருக்கும் கணக்கு தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றில் 1000 சதுர அடி, 5 அங்குல கனத்தில் போடும் வீட்டுத் தளத்துக்கானது. கூலியும் விலையும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ரூபாய் எண்களை எடுத்துவிட்டு உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கன அடியும் மூட்டையும் நாள் கணக்கும் மாறாது.

எந்த வேலையை எடுக்கப் போகிறீர்கள்

"கான்கிரீட் கான்ட்ராக்ட்" என்ற ஒரே பெயரில் மூன்று தொழில் நடக்கிறது. மெஷினும் ஆட்களும் கொண்டுபோய் ஒரே நாளில் கான்கிரீட்டைப் போட்டுவிட்டு வருவது ஒன்று. அதோடு சென்ட்ரிங்கும் சேர்த்து எடுப்பது இரண்டாவது. சிமெண்ட், கம்பி, ஜல்லி, எம் சாண்ட் எல்லாம் தன் பணத்தில் இறக்கிச் செய்வது மூன்றாவது. வாடகை மெஷினை வைத்து முதல் வகையைத் தொடங்க ஒன்றரை முதல் இரண்டு லட்சம் போதும். சொந்த மெஷின் என்றால் ஐந்தாறு லட்சம். சென்ட்ரிங் சேர்ந்தால் பத்து லட்சத்தை நெருங்கும். மெட்டீரியலோடு எடுத்தால் பதினைந்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம். நேராக மூன்றாவதில் குதிப்பதுதான் வழக்கமான தவறு. மொத்தத் தொகை பெரிதாகத் தெரிவதால் லாபமும் பெரிதென்று மனம் கணக்குப் போட்டுவிடும்.

தளத்தின் அளவு

1000 சதுர அடியை 5 அங்குலத்தால் பெருக்கினால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். பீம், சன்ஷேடு எல்லாம் சேர்த்து 13 கன மீட்டர் என்று வைப்போம். வீட்டுத் தளத்துக்கான எம்20 தரக் கலவையை 1:1½:3 (சிமெண்ட், சாண்ட், ஜல்லி) என்ற விகிதத்தில் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி எம் சாண்ட், 30 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். ஆக 105 மூட்டை சிமெண்ட், 2 யூனிட் சாண்ட், 4 யூனிட் ஜல்லி (யூனிட் என்பது 100 கன அடி). கம்பி கன மீட்டருக்கு 80 கிலோ என்று எடுத்தால் 1040 கிலோ. வரைபடம் கையில் இருந்தால் கம்பியைத் தனியாக எண்ணி எடையைப் போடுங்கள். குத்துமதிப்பு எடைக்கு ஒப்புக்கொண்டு நட்டப்பட்டவர்கள் ஏராளம்.

மெஷின்

வீட்டுத் தளத்துக்கு ஏற்றது ஒரு மூட்டை மெஷின். கடையில் 10/7 என்பார்கள்: 10 கன அடி உலர்ந்த பொருள் கொட்டினால் 7 கன அடி ஈரக் கலவை வரும். ஒரு மூட்டை சிமெண்டும் அதற்கு ஏற்ற சாண்டும் ஜல்லியும் சேர்ந்து உலர்ந்த நிலையில் 7 கன அடி அளவுக்கு வருவதால் டிரம் நிரம்பி வழியாது. 105 மூட்டை என்றால் 105 டிரிப்பு. டிரிப்புக்கு 3 நிமிடம் என்றாலும் ஐந்தே கால் மணி நேரம்; டீ, சாப்பாடு, சின்னச் சின்னத் தடங்கல் சேர்ந்து ஏழு மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே மட்டம் தட்டி முடிக்கலாம். விலை குறைவு என்று அரை மூட்டை மெஷின் வாங்கினால் டிரிப்பு 210 ஆகும். அதே தளத்தை ஒரே நாளில் முடிக்க முடியாது. அரை மூட்டை மெஷின் அஸ்திவாரப் பூட்டிங்குக்கும் கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலுக்கும்தான்.

லிஃப்ட் இல்லாத ஒரு மூட்டை டீசல் மெஷின் ஒன்று முதல் ஒன்றரை லட்சத்துக்குள் கிடைக்கும். லிஃப்டோடு சேர்ந்தது இரண்டரை முதல் மூன்றரை லட்சம். மாடி வேலை எடுப்பதாக இருந்தால் லிஃப்ட் இருப்பதையே வாங்குங்கள். படியில் வரிசையாக நிற்கும் ஆறேழு ஆட்களின் கூலி மிச்சமாகும். அந்த அதிக விலையை அதுவே கட்டிவிடும்.

பழைய மெஷின் வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து டிரம்மின் வெளிப்புறத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே பழைய கான்கிரீட் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அந்த டிரம் ஏழு கன அடிக்குப் பதில் ஐந்தரைதான் தரும், கலவையும் சரியாகப் புரளாது. பிறகு டிரம்மைச் சுற்றியுள்ள பல்சக்கரத்தில் பற்கள் கத்தி போல் மெலிந்திருக்கின்றனவா, உள்ளே இருக்கும் பிளேடு தேய்ந்து பாதியாகியிருக்கிறதா, லிஃப்ட் ரோப்பில் இழை பிரிந்து முள்ளாக நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஹாப்பரை (பொருளைக் கொட்டி டிரம்முக்குத் தூக்கும் தொட்டி) மேலே தூக்கி நிறுத்தி அதன் பூட்டைப் போடச் சொல்லுங்கள். பூட்டு இல்லாத, அல்லது பிடிக்காத மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஹாப்பருக்கு அடியில் சிந்திய ஜல்லியை வாரக் குனியும்போது அது இறங்கிக் காலை நசுக்குவது இந்தத் தொழிலின் பழைய விபத்து.

மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் பெட்ரோல் வைப்ரேட்டர் ஒன்று, அதன் முனையில் கான்கிரீட்டுக்குள் விடும் நீடில் 40 மி.மீ. அளவில் இரண்டு, பீமுக்கும் கம்பி நெருக்கமான தூணுக்கும் 25 மி.மீ. நீடில் ஒன்று. இதற்கு 25 முதல் 35 ஆயிரம். கரண்ட் வைப்ரேட்டர் மலிவுதான், ஆனால் தளம் போடும் நாளில் கரண்ட் போகாது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். சட்டி, மண்வெட்டி, மட்டப்பலகை, டியூப் மட்டம், தண்ணீர் டிரம், ஹோஸ், அளவுப்பெட்டி, கம்பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 30 முதல் 40 ஆயிரம். அளவுப்பெட்டி 40க்கு 35க்கு 25 செ.மீ. இருக்கட்டும். அதில் 35 லிட்டர் பிடிக்கும், சிமெண்ட் மூட்டை ஒன்றின் கொள்ளளவும் அதுதான். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கில் போட்டால் மதியத்துக்கு மேல் ஆட்கள் களைக்கக் களைக்கச் சட்டியும் தளும்பாமல் வரும், கலவையும் மாறும்.

சென்ட்ரிங்: முதல் முடங்கும் இடம்

3க்கு 2 அடி இரும்பு ஷீட் ஒன்று 6 சதுர அடியை மூடும். 1000 சதுர அடிக்கு ஏறக்குறைய 165 ஷீட். வாங்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் தராசில் ஏற்றுங்கள். 1.6 மி.மீ. தகடும் சுற்றிலும் 25 மி.மீ. ஆங்கிளும் நடுவில் ஒரு தாங்கியும் இருந்தால் 11 கிலோ வரும். எட்டு கிலோ காட்டினால் தகடு மெல்லியது. பத்துத் தளத்தில் வயிறு தொங்கிவிடும். அந்தத் தொங்கல் அப்படியே தளத்தின் அடியில் பதிந்து, பூச்சுக்காரர் உங்களைத் தேடி வருவார்.

முட்டு மூன்றடிக்கு ஒன்று. ஈரக் கான்கிரீட் 5 அங்குலத்தில் சதுர அடிக்கு 30 கிலோவை ஒட்டி வரும். 9 சதுர அடியைத் தாங்கும் ஒரு முட்டின் தலையில் கான்கிரீட் மட்டும் 265 கிலோ, அதற்கு மேல் ஆட்கள், கம்பி, குவித்துக் கொட்டும் கலவை. ஆகவே 115 முட்டு. இரும்பு ஜாக்கி முட்டு விலை அதிகம், ஆயுளும் அதிகம். சவுக்குக் கட்டை மலிவு. ஆனால் வெட்டி வெட்டி உயரம் குறைந்து இரண்டு வருஷத்தில் விறகாகிவிடும்.

ஷீட் 950 ரூபாய், ஜாக்கி 1100 ரூபாய் என்று வைத்தால்: ஷீட்டுக்கு 1,56,750, முட்டுக்கு 1,26,500, குறுக்குக் கட்டை, பலகை, ரீப்பர், பீம் பக்கப் பலகைக்கு 50 ஆயிரம். மொத்தம் 3.3 லட்சம். இந்த மூன்றேகால் லட்சத்துச் சாமான் வருஷத்துக்கு எத்தனை தளம் பார்க்கும் என்பதுதான் தொழிலின் உயிர்க்கேள்வி.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது இது: சாதாரண ஓபிசி சிமெண்டில் தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை 7 நாள் கழித்து எடுக்கலாம், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். நம் ஊரில் வீட்டுக்குப் பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்; அது மெதுவாக வலுப்பெறும். அதனால் 14 நாள் என்றே கணக்கு வையுங்கள். எழுப்ப 4 நாள், கம்பி கட்டவும் வயர் பைப் போடவும் 3 நாள், கான்கிரீட் 1 நாள், நிற்பது 14 நாள், பிரித்து ஏற்ற 2 நாள். ஒரு சுற்று 24 நாள். காகிதத்தில் வருஷத்துக்குப் பதினைந்து சுற்று வரும். மழை, கம்பி வராத வாரம், எலக்ட்ரீஷியன் வராத மூன்று நாள் எல்லாம் போனால் பத்து. நாலு வருஷத்தில் 40 ஆயிரம் சதுர அடி. ஆக ஒவ்வொரு சதுர அடிக்கும் சாமான் தேய்மானம் மட்டும் 8 ரூபாய். காணாமல் போவதும் வளைவதும் தனி. இந்த எட்டு ரூபாயை ரேட்டில் சேர்க்காமல் கூலியை மட்டும் கூட்டிச் சொல்பவர், தன் முதலைத்தான் மாதாமாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஷீட் விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். வாடகை ஒன்றரை ரூபாய் என்றால் 950ஐ வகுக்க 633 நாள். வருஷத்துக்குப் பத்துத் தளம் இருந்தால் ஷீட் 220 நாள் சைட்டில் இருக்கும். மூன்று வருஷத்தில் விலை கழிந்துவிடும், வாங்கலாம். நாலு தளம்தான் என்றால் ஏழு வருஷம் ஆகும், வாடகையே மேல். முதல் வருஷம் யாருக்கும் பத்துத் தளம் கிடைப்பதில்லை.

சுற்றைச் சுருக்க ஒன்பதாம் நாளே முட்டுகளைப் பிடுங்கும் ஆசை வரும். தளம் அன்றைக்கே விழாது; நடுவில் தொய்ந்து, மறு கோடையில் மயிரிழை விரிசலாகக் காட்டும். அதற்குள் உங்கள் பெயர் அந்தத் தெரு முழுவதும் போயிருக்கும்.

கான்கிரீட் நாளின் செலவு

பொருள் வீட்டுக்காரருடையது, மெஷினும் ஆளும் உங்களுடையது என்று வைத்துக்கொண்டு ஒரு நாளை விரித்துப் பார்ப்போம். ஆபரேட்டர் ஒருவர் 1200, கொத்தனார் மூவர் 3300, பெரியாள் 12 பேர் தலைக்கு 900 வீதம் 10,800, சித்தாள் இருவர் 1300. மொத்தம் 18 பேர், கூலி 16,600. டீ, சாப்பாடு தலைக்கு 120 வீதம் 2160. டீசலும் பெட்ரோலும் 950. மெஷினை ஏற்றி இறக்க வண்டி 3000. மெஷின் தேய்மானம் 1000: மூன்று லட்சத்து மெஷின் வருஷத்துக்கு 60 நாள் வீதம் ஐந்து வருஷம் ஓடும் என்ற கணக்கு. ரிப்பேருக்கு 700. கூடவே நிற்கும் உங்களுக்கு 1500. இதை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். கூட்டினால் 25,910. லாபம் பதினைந்து சதவீதம் சேர்த்தால் 29,800. சதுர அடிக்கு 30 ரூபாய்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். 500 சதுர அடித் தளத்துக்கும் வண்டி வாடகை அதேதான், ஆட்களும் ஐந்தாறு பேருக்கு மேல் குறைய மாட்டார்கள். சின்னத் தளத்துக்குச் சதுர அடி ரேட் சொல்லவே கூடாது. "ஒரு நாள் செட்டு இவ்வளவு" என்று குறைந்தபட்சத் தொகையாகச் சொல்லுங்கள்.

நாளை நட்டமாக்குவது பெரும்பாலும் நூறு ரூபாய்ச் சாமான்தான். பெல்ட் அறுந்தால், லிஃப்ட் ரோப் பிய்ந்தால், நீடில் உள்ளே பேரிங் போனால், பதினெட்டு பேரும் உட்கார்ந்திருக்கக் கூலி ஓடும். அதைவிட மோசம், பாதியில் நிற்கும் விளிம்பு. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் புதுக் கலவையை அதன் மேல் சேர்த்தால் இரண்டும் ஒட்டாது. முதல் மழையில் அந்தக் கோட்டில் தண்ணீர் கசியும். உதிரி பெல்ட், ரோப், நீடில், பிளக் ஒரு டப்பாவில் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பக்கத்து ஊர் மெஷின்காரர் ஒருவரோடு "உனக்கு நின்றால் நான், எனக்கு நின்றால் நீ" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் செலவுக் கணக்கில் வரும். எம்20க்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். ஆட்களுக்கு இழுக்கச் சுலபம் என்று ஹோஸைத் திறந்துவிட்டால் ஷீட் இடுக்கு வழியே சிமெண்ட் பால் ஒழுகி, அடியில் ஜல்லி மட்டும் தேன்கூடாக நிற்கும். அதை அடைக்க ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு நாள் கூலி, வீட்டுக்காரரின் சந்தேகம் ஆயுளுக்கும்.

நகரத்தில் ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) வாங்கிப் போடுவதாக இருந்தால் மெஷினே வேண்டாம். சென்ட்ரிங், வைப்ரேட்டர், மட்டம் தட்டும் ஆட்கள் போதும். ஆனால் வண்டி வழக்கமாக 6 கன மீட்டர். 13 வேண்டுமென்றால் மூன்றாவது வண்டி ஒரு கன மீட்டருக்காக வர வேண்டும், குறைந்த லோடுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கடைசி வண்டியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இரண்டாவது வண்டி பாதி இறங்கியதும் மீதி இடத்தை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள்.

கைக்காசு

மெட்டீரியலோடு எடுத்த அதே தளத்தைப் பாருங்கள். சிமெண்ட் மூட்டை 400 வீதம் 42,000. கம்பி கிலோ 65 வீதம் 67,600. சாண்டும் ஜல்லியும் 30,000. கம்பி கட்டக் கிலோவுக்கு 9 ரூபாய், 9360. சென்ட்ரிங் கூலி 25,000. கான்கிரீட் நாள் 25,910. இரண்டு லட்சம் போய்விட்டது. பணம் மூன்று வாரம் தள்ளி வந்தால், அதற்குள் அடுத்த சைட் தொடங்கினால், நாலு லட்சம் வெளியே நிற்கும். சிமெண்ட் கடையில் கடன் கிடைக்கும், ஆனால் மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட. கூலியோ சனிக்கிழமை மாலை கையில் கொடுத்தாக வேண்டும். எட்டு வாரக் கூலி தனியாக வங்கியில் இருந்தால் தூக்கம் வரும். மேஸ்திரிக்குக் கொடுக்கும் அட்வான்ஸும் இதில் சேர்த்தி. பொங்கலுக்குப் போன ஆட்கள் திரும்புவார்களா, வேறு சைட்டுக்குப் போவார்களா என்பது அந்த அட்வான்ஸைப் பொறுத்தது. அதில் ஒரு பங்கு வராது என்றே எழுதி வையுங்கள்.

தவணையைப் பிரிக்கும்போது பெரிய தொகை ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் வரும்படி வையுங்கள்: கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட்டுக்கு முந்தின நாள். தளம் போட்டு முடித்த பிறகு கேட்கும் பணத்துக்கு "மாமா ஊரிலிருந்து வரட்டும்" என்ற பதில்தான் கிடைக்கும். சதுர அடியை எப்படி அளப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். சன்ஷேடு, லாஃப்ட், படிக்கட்டு, சம்ப், போர்டிகோ இவை சேருமா, எந்த ரேட்டில் என்பதில்தான் கடைசி பில்லில் சண்டை வரும்.

வரி, பதிவு, காப்பீடு

சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தனி வீட்டுக்கு வெறும் கூலி வேலை மட்டும் செய்தால் வரிவிலக்கு உண்டு. மெட்டீரியலோடு எடுத்தால் 18 சதவீதம். மெட்டீரியலோடு பத்துத் தளம் போட்டாலே 20 லட்சம் தாண்டிவிடும் என்பதை ரேட் சொல்வதற்கு முன்பே யோசியுங்கள். சிமெண்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது; பழைய கொட்டேஷனைப் பார்த்து விலை போடாதீர்கள். பில்டரிடமோ கம்பெனியிடமோ வேலை எடுத்தால் தனிநபருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் (பில் தொகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 பிடிப்பார்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்களுடையவை. முத்ரா கடன் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். மெஷின், ஷீட் இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிப் போங்கள். மானியத் திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள், ஆனால் மானியம் வரும் என்று நம்பி மெஷினுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஆட்களை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வையுங்கள். அதற்கு மேல் உங்கள் பெயரில் ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்று வேண்டும். தள விளிம்பு, தலைக்கு மேல் போகும் மின்கம்பி, ஹாப்பர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது யாரையாவது தொடும். பாலிசி இல்லாவிட்டால் மொத்த முதலும் ஒரே நாளில் போகும். ஆட்கள் பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது ஆனால் பிஎஃப்.

எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை போட மாட்டார்கள்; தையில் தொடங்கிய வீடுகள் மாசி, பங்குனியில் தளத்துக்கு வரும். மெஷினை மார்கழியில் வாங்கித் தயாராக இருப்பவருக்கு முதல் ஆறு மாதம் வேலை ஓடும். கோடையில் போடும் தளத்துக்கு பிபிசி என்றால் 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அது யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஆட்கள் சும்மா இருப்பார்கள், வட்டி சும்மா இருக்காது. அந்த இரண்டு மாதக் கடன் தவணையை வைகாசியிலேயே எடுத்து வைத்துவிட்டு, மழை நாளில் ஷீட்டைத் தட்டி நிமிர்த்தி, சுரண்டி, எண்ணெய் தடவி அடுக்குங்கள். எண்ணும்போது பத்துப் பதினைந்து ஷீட் குறையும். எந்த சைட்டில் விட்டது என்று அப்போதுதான் நினைவுக்கு வரும்.